சர்வருக்குத் தேங்காய் உடைத்த மகாசங்கம்

பச்சையப்பனுக்கு முன்பல் போனது மகாசங்கத்தின் அவசரப் பொதுக்குழுவில். மினிட்ஸ் நோட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. 'உறுப்பினர் பச்சையப்பன் தமது கருத்தைத் தெரிவித்தார். அது பதிவு செய்துகொள்ளப்பட்டது' என்று மட்டும் செயலாளர் உத்திராபதியின் அழகான கையெழுத்தில் இருக்கும். பதிவானது உண்மைதான். சங்கத்தின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் காலில் அந்தப் பல்லின் தடத்தை இப்போதும் பார்க்கலாம்.

சங்கத்தின் முழுப்பெயர் கொண்டையேரி முறைநீர்ப் பங்கீட்டு விவசாயிகள் கூட்டுறவு மகாசங்கம். கட்டடத்தைவிடப் பெயர் நீளம் என்பதால் பலகையின் கடைசி முழம் பக்கத்து டீக்கடைச் சுவரில் தொங்குகிறது. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகிற வழியில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். சங்கத்துக்கு வேலை ஒன்றே ஒன்று. ஏரி மதகைத் திறந்து, யாருக்கு எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும். அந்த ஒரு வேலைக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், ஒரு செயலாளர், பதினோரு செயற்குழு உறுப்பினர்கள், நாலு பீரோ.

போன வருஷம் ஏதோ அரசாங்கத் திட்டத்தில் மதகுக்கு மோட்டார் வந்தது. மோட்டாரை ஓட்ட ஒரு மென்பொருள் வந்தது. முறையை அதுவே கணக்குப் போடும், அதுவே மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் மதகைத் தூக்கும். கையால் சுற்றித் திறக்கிற பழைய சக்கரம் இனி எதற்கு என்று அதைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு ஒரு சின்ன விஷயம் பாக்கி நின்றது. மென்பொருளை எங்கே குடிவைப்பது? அது முடிவாகும்வரை மதகு திறக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, மதகின்மேல் அரக்கு முத்திரையும் வைத்தார்கள்.

அப்போது நவரை நெல் போகம். பச்சையப்பனுக்குக் கடைமடையில், கால்வாய் முடிகிற இடத்தில், ஒரு காணி நிலம். வீட்டுச் சோற்றுக்கும் விதைக்கும் அந்த ஒரு காணிதான். பயிர் கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் கதிர் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு காணியும் பதர். மனைவி கலியம்மாள் காலையில் வயலில் குனிந்து வெடிப்புக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். முழு விரலும் உள்ளே போனது.

"இன்னாயா, ஆம்பள மாதிரி போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வா. தண்ணி எப்போன்னு கேளு. வேற ஒண்ணும் பேசாத."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் பச்சையப்பன் அவசரப் பொதுக்குழுவுக்குப் போனான்.

மேடையில் கழுத்துப்பட்டை கட்டிய இளங்கோ என்கிற பையன், சங்கம் அமர்த்திய ஆலோசகன், திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தான். "மூணு வழி இருக்கு. ஒண்ணு ஆன்-பிரமிஸ். நம்ம கட்டடத்துலயே சொந்தமா ஒரு சர்வர் மெஷின் வாங்கி வெச்சுக்கறது. ரெண்டாவது பிரைவேட் கிளவுட். வெளியில ஒரு கம்பெனியோட எடத்துல, நமக்குன்னு மட்டும் தனியா ஒதுக்கிக் குடுப்பாங்க. மூணாவது பப்ளிக் கிளவுட். பெரிய கம்பெனியோட மெஷினுங்க, நாமளும் இருப்போம், ஊர்ல இருக்கிற எல்லாரும் இருப்பாங்க. எவ்ளோ வேணுமோ அவ்ளோ எடுத்துக்கலாம்."

இருநூறு பேர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையப்பன் எழுந்தான்.

"தம்பி, மொதல்து சொந்த போரு. ரெண்டாவது அடுத்தவன் நெலத்துல நமக்குன்னு உட்ட போரு. மூணாவது ஏரி. அதானே?"

இளங்கோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா கரெக்டா புடிச்சுட்டாரு!"

"எதுல எறச்சாலும் தண்ணி ஒண்ணுதானேபா? ஏதாவது ஒண்ண வெச்சுட்டு மதக தொறங்க. எப்போ தொறப்பீங்க?"

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தச் சங்கடத்தைப் போக்கத்தான் தலைவர் சிங்காரவேலு தொண்டையைச் செருமினார்.

"சொந்தமா வெச்சிக்கறதுதான் கவுரவம். நம்ம கட்டடத்துலயே வெப்போம்."

ஊரின் கிழக்குப் பாதியான கீழண்டையைச் சேர்ந்த துணைத்தலைவர் ராஜ்மோகன் எழுந்தார். "நம்மன்னா யாரு கட்டடம்? ஆபீஸ் உங்க மேலண்டைல இருக்குது. சர்வரும் அங்கியா? அப்ப மொத தண்ணியும் உங்களுக்கா?"

இதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை. மேலண்டையின் முதல் நாற்காலி கிளம்பியது, கீழண்டையின் எட்டு நாற்காலிகள் பதில் சொல்லின. திரை கிழிந்தது. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது. ஒருவருக்கு நெற்றி பிளந்து கண் தெரியாமல் சொந்தத் தம்பியையே போட்டு மிதித்தார். இன்னும் பதிலை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்த பச்சையப்பனுக்கு மட்டும் பல் போனது. உத்திராபதி மேஜைக்கடியில் உட்கார்ந்து அமைதியாக எழுதினார்: 'ஆரோக்கியமான விவாதம் நடைபெற்றது.'

அடுத்த நாளிலிருந்து ஊரில் மூன்று கட்சி. தலைவர் பக்கம் ஆன்-பிரம். துணைத்தலைவர் பக்கம் பப்ளிக். இரண்டு பேரையும் பிடிக்காதவர்கள் செயலாளர் உத்திராபதியின் பின்னால் பிரைவேட் ஆனார்கள். சர்வர் என்றால் ஓட்டலில் இலை போடுகிறவர் என்று நேற்றுவரை நினைத்திருந்தவர்கள், இன்று அதற்காகக் கத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை வீடு பிரைவேட் என்று தாமதமாகத் தெரியவந்ததால் நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றது. அதை முன்னாலேயே சொல்லாத தரகரை ஒதியம்பட்டு பஸ் ஸ்டாப்பில் வைத்துச் செருப்பால் அடித்தார்கள்.

மூன்று பேரும் தெருமுனைக் கூட்டம் போட்டார்கள். பச்சையப்பன் மூன்றுக்கும் போனான். எங்கேயாவது ஒரு இடத்தில் தேதி சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

சிங்காரவேலு மைக்கைப் பிடித்து இளங்கோவைக் கேட்டார்: "பப்ளிக்ல யாரு யாரு இருப்பாங்க? லிஸ்ட் குடு."

"பேங்க் இருக்கும் சார். ஆஸ்பத்திரி இருக்கும். பிரியாணி டெலிவரி பண்றவங்ககூட இருப்பாங்க."

"பிரியாணி கடையும் நம்ம ஏரியும் ஒரே பாய்ல படுக்கணுமா? எங்க தாத்தா காலத்துலேந்து நாங்க எவங்கூடவும் சமமா உக்காந்ததில்ல. எல்லாரையும் உக்கார வெக்கிற எடத்துல நான் உக்காந்தா, அப்பறம் நான் எதுக்குத் தலைவரு?" கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது.

ராஜ்மோகன் தம் கூட்டத்தில் உருகினார். "பப்ளிக்னா மக்கள். மக்கள்னா ஜனநாயகம். இதுல ஒளிவுமறைவே கெடையாது. எம் பையன் சென்னைல அந்த வேலைலதான் இருக்கான். பாஸ்வேர்டு அவங்கிட்ட மட்டும்தான் இருக்கும். மக்களுக்கு எப்ப தண்ணி வேணும்னாலும் எங்கிட்ட வந்து கும்புட்டுக் கேட்டா, நான் போன் பண்ணிச் சொல்லுவேன்."

உத்திராபதிக்கு மேடைப் பேச்சு வராது. எழுதிவைத்துப் படித்தார். "பொதுச் சொத்தை ரகசியமாக வைத்திருந்தால்தான் அது பத்திரமாக இருக்கும். முறை என்ன என்பது உறுப்பினர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் சங்கத்தின் கண்ணியம் குறையும்."

மூன்று கூட்டத்திலும் பச்சையப்பன் கை தூக்கினான். முதலாவதில் விலாவில் குத்தினார்கள். இரண்டாவதில் சட்டையைக் கிழித்தார்கள். மூன்றாவதில் எல்லாம் அடக்கமாக நடந்தது. வாயைப் பொத்தி வெளியே தூக்கிப்போய்க் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். இப்போது வெடிப்புக்குள் கலியம்மாளின் உள்ளங்கை போனது.

சிங்காரவேலு யாருக்கும் காத்திருக்காமல் சர்வரை வாங்கிவிட்டார். மினி லாரியில் வாழைமரம் கட்டி, பம்பை உடுக்கையோடு ஊர்வலம் வந்தது. புது டிராக்டர் வந்தால் என்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள். சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். அடியில் நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கடைசியில் தலைவரின் மச்சான் தேங்காயோடு வந்து சர்வரை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"லாரிக்கு பம்பர்ல ஒடைப்போம். இதுக்கு பம்பர் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. "ஐயோ, வேணாம் சார்! உள்ள தண்ணி போயிடும்" என்று இளங்கோ கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினான். நல்ல காரியத்தில் அபசகுனமாக வேணாம் என்றதற்காக அவனுக்கு ஒரு அறை விழுந்தது. பிறகு மச்சான் ஓங்கி, சர்வரின் உச்சியிலேயே அடித்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று பெண்கள் குலவை போட்டார்கள். தேங்காய்த் தண்ணீர் மொத்தமும் மேலே இருந்த காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போனது. பிளக்கைச் சொருகினார்கள். சர்வர் ஒரு தடவை இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, அத்தோடு சரி.

வேடிக்கை பார்த்த பப்ளிக் கட்சிக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பின்மேல் திருஷ்டிப் பூசணிக்காய் விழுந்தது. மூளை வெளியே வந்துவிட்டது என்று அவன் மனைவி அலறினாள். குங்குமம் கலந்த பூசணிச் சாறுதான் என்று தெரிவதற்குள் மூன்று பேரை அரிவாளால் வெட்டியாகிவிட்டது. மச்சானுக்குக் காது பாதி போனது. தடுக்க வந்த சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைத் தொப்பியோடு சேர்த்து ஏரியில் தூக்கிப் போட்டார்கள். ஏரியில் நிறையத் தண்ணீர் இருந்ததால் அவர் பிழைத்தார். கேள்வி கேட்க வந்த பச்சையப்பனின் கை சும்மா இருக்கிறதே என்று யாரோ கற்பூரத் தட்டைக் கொடுத்திருந்தார்கள். தள்ளுமுள்ளில் அது அவன் தோளிலேயே கவிழ்ந்தது. மினிட்ஸ் நோட்டு சொல்கிறது: 'செயல்முறை விளக்கம் நடைபெற்றது. பாதுகாப்பு அம்சங்கள் சோதிக்கப்பட்டன.'

அதன்பிறகு எல்லோருக்கும் இளங்கோவின் எழுத்துபூர்வமான பரிந்துரை தேவைப்பட்டது. தலைவர் ஆட்கள் அவனைக் குடோனில் பூட்டி, உரமூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, ஆன்-பிரம்தான் சிறந்தது என்று பன்னிரண்டு பக்கம் எழுதி வாங்கினார்கள். வெளியே வந்தவனை ராஜ்மோகனின் ஆட்கள் வழிமறித்துக் கரும்புத் தோட்டத்துக்குள் தூக்கிப்போய் பப்ளிக்தான் சிறந்தது என்று எழுதி வாங்கினார்கள். உத்திராபதி பண்பானவர். வீட்டுக்குக் கூப்பிட்டு, டிபன் கொடுத்து, கட்டைவிரலைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு, கனிவாகக் கேட்டு வாங்கினார். மூன்று பரிந்துரையும் ஒரே நாளில் செயற்குழுவுக்கு வந்தன. மூன்றிலும் ஒரே கையெழுத்து. கடைசியில் மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று சிங்காரவேலு கேட்டார்.

"ஹைபிரிட் சார்" என்றான் இளங்கோ, கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு. அவன் குரலில் உயிர் இல்லை. "மூணு எடத்துலயும் வெச்சிக்கலாம். மூணும் சரின்னு சொன்னாதான் மதகு தொறக்கும்."

மூன்று பேருக்கும் அது பிடித்துப்போனது. ஒருவர் தடுத்தாலும் மதகு திறக்காது என்றால், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தலைவர்தானே. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்புறம் மூன்று 'சரி'யில் முதல் 'சரி'யை யார் அமுக்குவது என்று ஒரு கேள்வி கிளம்பியது. கோயிலில் முதல் மரியாதைக்கு நடக்கிறதெல்லாம் இதற்கும் நடந்தது. முடிவெடுக்க மறுபடியும் பொதுக்குழு. இந்தத் தடவை நாற்காலி போட வேண்டாம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேண்டியதைக் கொண்டுவருகிறார்கள் என்று உத்திராபதி நோட்டீசில் போட்டிருந்தார்.

பொதுக்குழு அன்று காலை கலியம்மாள் வயலிலிருந்து ஒரு கதிரைப் பிடுங்கிவந்து புருஷன் கையில் வைத்தாள். பச்சையப்பன் ஒரு மணியை நகத்தால் நசுக்கினான். லேசாக ஒரு சொட்டு வந்தது. பால்தான். ஆனால் கடைசிப் பால்.

"இன்னும் ரெண்டு நாளு. அதுக்கப்பறம் மாட்டுக்குத்தான் போடணும்" என்றாள் கலியம்மாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் மறுபடியும் பொதுக்குழுவுக்கே போயிருப்பான்.

பச்சையப்பன் மாட்டுக்கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தான். காலை பதினோரு மணி, நல்ல வெயில். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கத்தியும் கழியுமாகப் பொதுக்குழுவுக்குப் போய்க்கொண்டிருந்ததால், கடப்பாரையோடு போன ஒருவனை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "எந்தப் பக்கம்பா நீ? பிரைவேட்டா?" என்று விசாரித்தார். "கடைமடை" என்றான்.

அரக்கு முத்திரை முதல் குத்திலேயே உதிர்ந்தது. மோட்டாரையும் மதகுப் பலகையையும் இணைத்த இரும்புத் தண்டுதான் இடம் கொடுக்கவில்லை. பச்சையப்பன் குத்தினான். பல்லுக்காகக் குத்தினான், தோளில் ஆறாத சூட்டுப்புண்ணுக்காகக் குத்தினான். பாதிக் குத்து எதற்கென்று அவனுக்கே தெரியாது. பல் போன ஈறு வழியாகக் காற்றும் எச்சிலும் பீறிட, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு குத்தினான். அவன் வாழ்க்கையில் ஒரு பூரானைக்கூட அப்படி அடித்ததில்லை. தண்டு முறிந்தது. கடப்பாரையைக் கீழே கொடுத்து நெம்பியதும் பலகை தெறித்து விழுந்தது, தண்ணீர் சீறிக்கொண்டு கால்வாயில் இறங்கியது. பச்சையப்பன் கரையில் உட்கார்ந்து சிரித்தான். எத்தனையோ நாளுக்குப்பிறகு சிரித்தான்.

சத்தம் கேட்டுப் பொதுக்குழு அப்படியே கிளம்பி ஏரிக்கரைக்கு வந்தது. ஆன்-பிரம், பிரைவேட், பப்ளிக் என்று பிரிந்து கிடந்த ஊர், அவனைப் பார்த்ததும் ஒரே ஊராகிவிட்டது. தீர்மானத்தை மீறிவிட்டான்! இத்தனை நாள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள் தோளோடு தோள் நின்று அடித்தார்கள். பாதிக் காது போன மச்சான் பிடித்துக்கொள்ள, அந்தக் காதை வெட்டியவனே உதைத்தான். மேலண்டைக்காரன் கழி முறிந்தபோது கீழண்டைக்காரன் தன் கழியைக் கொடுத்தான். கடைசியில் யாரோ அவன் வலது கையைக் கல்லின்மேல் நீட்டிவைத்து, அவன் கடப்பாரையாலேயே ஒரு போடு போட்டார்கள். அந்தச் சத்தம் பச்சையப்பனுக்குக் கேட்டது. அதற்குப்பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி மூன்று தலைவர்களும் ஒரு இன்ஸ்பெக்டரும் நின்றிருந்தார்கள். சிங்காரவேலு கையில் ஆரஞ்சுப் பழம் இருந்தது. பயந்துபோன பச்சையப்பன் கலியம்மாளைத் தேடினான். அவள் கால்மாட்டில் நின்று தலையை ஆட்டினாள்.

"தண்ணி பாஞ்சிடுச்சுயா. ஊருக்கே பாஞ்சிடுச்சு. பால் கட்டிப்போயி நிக்குது."

உத்திராபதி தொண்டையைக் கனைத்தார். "வெள்ளிக்கெழம துறையிலேந்து பெரிய ஆபீசர் வராரு. மென்பொருள் மூலமா ஒரு தடவையாவது தண்ணி வுட்டிருக்கணும். இல்லன்னா திட்டத்தையும் சங்கத்தையும் கலைச்சிடுவாங்க. அதனால அன்னிக்கு மதகத் தொறந்தது சாஃப்ட்வேருன்னு செயற்குழு ஏகமனசா கண்டுபுடிச்சிருக்குது."

"நான்தாங்க தொறந்தேன்" என்றான் பச்சையப்பன். எல்லோரும் பார்த்ததுதானே.

"நீ தொறந்தேன்னா பொதுச் சொத்த சேதம் பண்ண கேசு" என்றார் இன்ஸ்பெக்டர். "அறுப்பு முடியறவரைக்கும் உள்ள இருக்கணும். சாஃப்ட்வேர் தொறந்ததுன்னா கேசே இல்ல. நாளைக்கு வூட்டுக்குப் போலாம். சொல்லு, மதகத் தொறந்தது யாரு?"

பச்சையப்பன் யோசித்தான். "ஆபீசர் போறவரைக்கும் தண்ணி நிக்காம வருமா?"

"மதகே இல்லியேபா, எங்கேந்து நிக்கும்?" என்றார் ராஜ்மோகன்.

"அப்ப சாஃப்ட்வேருதாங்க."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "கை எப்படி ஒடஞ்சுது?"

"அதையும் சாஃப்ட்வேர்லயே சேத்துடலாமா?" என்றார் உத்திராபதி.

"வேணாம்" என்றார் சிங்காரவேலு பொறுப்போடு. "திட்டத்துக்குக் கெட்ட பேரு. சந்தோஷத்துல வழுக்கி வுழுந்துட்டாருன்னு எழுதுங்க."

வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கட்டைவிரலை உருட்டி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், மாநிலத்துக்கே முன்மாதிரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மதகை அடைத்து, இந்தத் தடவை ஒரு முழத் தடிமனுக்குச் சிமெண்டு போட்டார்கள்.

ஒரு காணியும் நன்றாக விளைந்தது. பச்சையப்பனால் அரிவாள் பிடிக்க முடியாததால் கலியம்மாள்தான் ஆள்விட்டு அறுத்தாள். அறுப்பு முடிந்த அன்று சங்கத்து நோட்டீஸ் ஒன்று வந்தது. அடுத்த போகத்துக்குள் மென்பொருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அவசரப் பொதுக்குழு, உறுப்பினர்கள் திரளாகக் கலந்துகொள்ளவும். கலியம்மாள் இரண்டு தடவை படித்துவிட்டு, நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாயா பண்றது அடுத்த போகத்துக்கு?"

பச்சையப்பன் விரல் மடங்காத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இது ஒண்ணு பாக்கி இருக்குதே."